கூண்டிலிருப்பது ஆணா, பெண்ணா?

இந்தோனேஷியத் தீவுகளுக்கே உரிய கொமோடோ உடும்பு, 2021-ம் வருஷத்தில் அழிவை எதிர்நோக்கும் ஜந்துக்களின் ஜாபிதாவில் உயர்ந்த அபாயப் படிக்கு மாற்றப்பட்டது. மிருகக்காட்சிசாலைகளில் வளர்த்து இனத்தைப் பெருக்கலாமென்பர் சிலர். ஆனால் கூண்டிலிருப்பது ஆணா, பெண்ணா என்பதே தெரியாவிடில் பெருக்கம் எங்ஙனம் உண்டாகும்? ஆணின் உறுப்பு வாலடியில் உள்ளடங்கிக் கிடப்பதால் புறத்தோற்றம் ஏமாற்றுகிறது. இரு பெண்களை ஜோடியெனக் கருதிக் காத்திருந்தால் வருஷங்களே வீணாகும். இரத்தப் பரிசோதனை இச்சந்தேகத்தைத் தீர்க்கும். பெண்ணுக்கு மாத்திரமே 'டபிள்யூ' என்னும் குரோமோசோம் உண்டு. ஒலியலைப் படமோ, சூலகத்தில் முட்டைகள் வளர்வதையும், அவை வெளிவராது தங்கி உயிருக்கு உலை வைப்பதையும் காலத்தில் காட்டிவிடும்.

இத்துடன் விஷயம் முடியவில்லை. லண்டனிலும் செஸ்டரிலும் பெண் உடும்புகள் ஆண் சம்பந்தமின்றியே கருவுற்றமை 2006-ல் நிரூபணமாயிற்று. அவ்வாறு பிறப்பன யாவும் ஆண்களே. தாயின் வம்சக்கூறுகளன்றி வேறொன்றும் அவற்றுக்கில்லை. ஆகவே குஞ்சு பொரிந்ததென்று மகிழ்ந்து, தகப்பன் உண்டா என விசாரியாதிருந்தால், எண்ணிக்கை பெருகும். இனத்தின் வளம் குன்றும். சீட்டு விற்பதோடு காட்சிசாலையாரின் கடமை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு ஜந்துவின் பாலையும் பரம்பரையையும் சோதித்துப் பதிவு செய்வதே உண்மையான பாதுகாப்பு என்பது நமது துணிபு.