பிரேதப் பரிசோதனை: பயிற்சியற்ற நிபுணரால் நேர்ந்தவை

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சிறார் மரணங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மருத்துவர் சார்ல்ஸ் ஸ்மித், தடயவியல் நோயியலில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். அவர் கையாண்ட 45 மரணங்களை மீளாய்வு செய்ததில், 20இல் அவரது முடிவுகள் ஐயத்துக்குரியவை எனத் தெரியவந்தது. சகோதரரின் மகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, 12 ஆண்டுகள் சிறையிலிருந்தவரை 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஸ்மித் ஒருவர் மீது பழியைச் சுமத்திவிட்டு நகர்வது எளிது. ஆனால், 2008இல் வெளியான நீதிபதி ஸ்டீபன் கௌஜின் விசாரணை அறிக்கை, இத்துறைக்கெனக் கனடாவில் முறையான பயிற்சி இல்லாதிருந்ததையும், மேற்பார்வை தவறியதையும் சுட்டியது.

இன்று அங்கு இத்துறையை நாடும் மருத்துவர், நோயியல் நிபுணரான பின்னரும் தனியாகத் தடயவியல் பயிற்சி பெறவேண்டும். நீண்ட பாதைதான். அதில் மிகக் கடினமானது, மரணத்தின் காரணத்தைத் தம்மால் கண்டறிய இயலவில்லை என்று நீதிமன்றத்தில் கூறப் பழகுவதே எனலாம்.