பேயல்ல, ஜன்னி!

செங்கம் அரசு மருத்துவமனையை நம்பியிருப்போர் யார்? உழவர், கூலித் தொழிலாளர், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் பழங்குடி மக்கள். தனியாரிடம் பணத்தைக் கொட்ட வழியில்லாதவர்கள். இவர்களில் ஒரு முதியவர் காய்ச்சலோடு சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் இரவு, பெற்ற மகனையே "நீ யார்?" என்கிறார். குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குகிறார். இல்லாத மாட்டை ஓட்டுகிறார். "காற்று சேஷ்டை, வீட்டுக்கு அழைத்துப்போய் மந்திரிப்போம்" என்கிறார்கள் உறவினர்கள். அழைத்துப் போனால் என்ன ஆகும்? போகும் உயிரை மந்திரம் நிறுத்துமா?

நாம் சொல்லுகிறோம்: அது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. நம் பாட்டன்மார் ஜன்னி என்றார்களே, அதுதான். உடம்பில் வேறெங்கோ கோளாறு முற்றியிருக்கிறது என்பதற்கு அடையாளம். நிமோனியா, சிறுநீர்ப் பாதையில் கிருமி, நீர் வற்றுதல், இரத்தத்தில் உப்புக் குறைதல், புதிதாகக் கொடுத்த தூக்க மருந்து என்று காரணங்கள் பல. நாள்தோறும் குடிப்பவர் நோயில் விழுந்து, குடி திடீரென நின்றாலும் இரண்டு மூன்று நாளில் ஜன்னி காணலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே தோழர்களே, குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

கூச்சல் போடுபவரையாவது நாலுபேர் கவனிப்பார்கள். சத்தமின்றிச் சுருண்டு கிடப்பவரை? "நன்றாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுகிறோம். இந்த ஊமை ஜன்னிதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் தப்புகிறது.

இதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் இரவும் பகலும் வார்டில் நிற்கும் செவிலியரே. ஸ்காட்லாந்தில் வகுத்த ஒரு சோதனை இரண்டே நிமிடத்தில் முடிகிறது. கருவி எதுவும் வேண்டாம். விழிப்பாக இருக்கிறாரா? வயது, இடம், வருடம் தெரிகிறதா? மாதங்களைப் பின்னோக்கிச் சொல்கிறாரா? திடீரென்று மாறினாரா? பிறந்த தேதி அறியாத மலைவாழ் மூதாட்டிக்கு முதல் கேள்விகள் பொருந்தாமல் போகலாம். கடைசிக் கேள்வியை உடன்வந்த மகளிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

தடுக்கவும் முடியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழக மருத்துவர்கள் 852 முதியோரிடம் ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு ஜன்னி கண்டது. தனிக் கவனிப்பில் பத்துக்கும் குறைவு. என்ன கவனிப்பு? தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்க வைப்பது, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுவது, இரவில் தூங்கவிடுவது, பேச்சுக் கொடுப்பது. இவ்வளவுதான்!

ஆனால் இதைச் செய்ய ஆள் வேண்டாமா? 2015-இல் தேர்வு வாரியத்தின் மூலம் எடுத்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு பணிநிரந்தரம் கேட்டார்கள். ஒருவர் தலையில் வார்டு முழுவதையும் சுமத்திவிட்டு, "ஏன் கவனிக்கவில்லை?" என்று அதட்டுவது நியாயமா?

நம் கோரிக்கை இதுதான். காய்ச்சல், நாடியோடு ஜன்னிச் சோதனையும் நோயாளியின் அட்டையில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஏறட்டும். செவிலியருக்குப் பயிற்சி தரட்டும். காலியிடங்களை நிரந்தர ஊழியரைக் கொண்டு நிரப்பட்டும்.

தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முதியவரோடு தெரிந்த முகம் ஒன்று இரவில் இருக்கட்டும். ஆள் மாறிவிட்டார் என்று பட்டவுடன் செவிலியரிடம் சொல்லுங்கள். பூசாரியைத் தேடி ஓடாதீர்கள்!