போகப் பணம் உண்டு, திரும்பி வந்தால்?

அரக்கோணம் சந்திப்பிலே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து வரும் இருப்புப் பாதை அங்கே கிளை பிரிகிறது. ஒன்று காட்பாடி வழியே மேற்கு நோக்கி விரைகிறது. மற்றொன்று திருத்தணி மலையடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு ஆந்திரத்துக்குள்ளே நுழைகிறது. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னாட்டின் முதல் இரயில் ஓடியதும் இவ்வழியேதான். அன்று தொட்டு ஊர் விட்டுப் போகின்றவர்களை வழியனுப்பிக்கொண்டே இருக்கிறது இந்த ஊர். போகின்றவர்களுக்கு மாலை உண்டு, கையசைப்பு உண்டு, கண்ணீர் உண்டு. திரும்பி வருகின்றவர்களுக்கு என்ன உண்டு?

கேள்வி சிறியது, தோழர்களே! விடைதான் நம்மைத் தலைகுனிய வைக்கிறது.

1946-இல் அமெரிக்க நாடு ஃபுல்பிரைட் சட்டத்தை இயற்றியது. போரிலே எஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவரையும் ஆசிரியரையும் நாடு விட்டு நாடு அனுப்பிக் கற்கவும் கற்பிக்கவும் செய்தது. 1950 பிப்ரவரியில் இந்தியாவோடும் உடன்பாடு கண்டது. 1951-இல் நமது பசிக்குக் கடனாக வந்த கோதுமைக்கு நாம் கட்டிய வட்டியிலும் ஒரு பகுதி இந்தப் பரிமாற்றப் பணிக்கே ஒதுக்கப்பட்டது. ஆகவே அதை முழுத் தானம் என்று எவரும் மார்தட்ட முடியாது. நம் உழவனின் வியர்வையும் அதிலே கலந்திருந்தது.

2011-இல் இன்னொரு படி ஏறினார்கள். இவ்வாறு சென்று திரும்பியவர்கள் குழுவாகக் கூடித் தம் ஊருக்கு உதவும் பணியொன்றைத் திட்டமிட்டால், அதற்கும் நிதி தருவது என்று ஏற்பாடு செய்தார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு திட்டத்துக்கு 5,000 முதல் 35,000 டாலர் வரை என்று அறிவித்தார்கள். மேல்வரம்பு நம் கணக்கில் ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய்.

கருத்து நல்ல கருத்து. அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. கற்றவனை அனுப்பினால் மட்டும் போதாது, திரும்பியவன் நிற்க ஓரிடம் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். நாம் உணர்ந்தோமா?

வரலாற்றைக் கேளுங்கள். 1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை தந்து ஓர் இளைஞரைக் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். திரும்பியதும் பத்தாண்டு பரோடாவில் பணிபுரிவதாக ஒப்பந்தம். 1917-இல் சொன்ன சொல் தவறாமல் வந்து சேர்ந்தார் அவர். பட்டம் இருந்தது, பதவி இருந்தது. படுக்க ஓர் அறை இல்லை! சாதியைக் காரணம் காட்டிக் கதவடைத்தது ஊர். பெயரை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கினார்; அங்கிருந்தும் தடிகொண்டு வந்தவர்களால் துரத்தப்பட்டார். அவர்தான் அண்ணல் அம்பேத்கர். கடல் கடந்து போகக் கைகொடுத்த நாடு, கற்று வந்தவருக்குக் கூரை கொடுக்கவில்லை. இழப்பு அவருக்கா, பரோடாவுக்கா?

மற்றொரு காட்சி, நமக்கு மிக அருகிலே. 1870-இல் இராணிப்பேட்டையிலே பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவிலே மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். வெறுங்கையோடு வரவில்லை, மறைந்த மனைவியின் நினைவாக வங்கியாளர் ஷெல் தந்த 10,000 டாலரோடு வந்தார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் நாடி வரும் வேலூர் மருத்துவக் கல்லூரியின் வேர் அதுதான். இருவரும் கற்றவர்கள், இருவரும் திரும்பியவர்கள். ஒருவருக்குத் திரும்பிய இடத்திலே கால் ஊன்றப் பிடி மண் கிடைத்தது. மற்றவருக்கு அதுவும் மறுக்கப்பட்டது.

"அயலான் பணம் வந்தால் அயலான் பாட்டைத்தானே பாட வேண்டும்?" என்று கேட்கிறார் நண்பர் ஒருவர். நியாயமான ஐயம். விருந்து வைப்பவன் தன் வீட்டுப் பெருமையையும் பரிமாறத்தான் செய்வான். எப்பணிக்குத் தருவது என்ற தலைப்புகளை வாஷிங்டன் வகுக்கிறதே தவிர, வாலாஜாவின் வறண்ட கிணறு வகுப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: கொடுக்கின்ற கை எப்போது மூடும் என்று வாங்குகின்ற கைக்குத் தெரியாது. 2025 சனவரியில் ஆட்சி மாறியது, அயலுதவி நிறுத்திவைக்கப்பட்டது. பிப்ரவரியில் பரிமாற்றத் திட்டங்களுக்கான பணமும் தடைபட்டது. பாதி வழியிலே நின்றவர்கள் பல்லாயிரவர். ஒருவர் கையெழுத்தில் ஓடிய ஊற்று, இன்னொருவர் கையெழுத்தில் வற்றிவிட்டது!

நம் நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அயல்நாட்டு நிதி பெறும் அமைப்பு, பதிவோ முன்அனுமதியோ பெற்றாக வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பணம் முதலில் தில்லியிலுள்ள ஒரு வங்கிக் கிளையிலே இறங்கவேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிரவும் கூடாது. சென்னையிலுள்ள பெரிய சங்கம் பெற்றாலும், சோளிங்கருக்கு அருகிலுள்ள சிறிய மன்றத்துக்கு ஒரு காசு கொடுக்க வழியில்லை.

நாடகம் எழுதுகிறவன் கண்ணுக்கு எல்லாமே காட்சியாகத் தோன்றும். கற்பனையாக ஒரு காட்சி: தோல் கழிவும் குரோமியமும் நிலத்தடி நீரைக் கெடுத்த இந்த மாவட்டத்திலே, நீரியல் கற்றுத் திரும்பிய பெண்ணொருத்தி அலுவலர் முன் நிற்கிறாள்.

"ஐயா, நம் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய் இருந்தால் போதும்."

"எங்கே படித்தாய், அம்மா?"

"அமெரிக்காவிலே ஓராண்டு, ஐயா."

"அப்படியா! சுதந்திர தின விழாவுக்கு வந்துவிடு. பொன்னாடை போர்த்துகிறோம்."

"பொன்னாடை வேண்டாம், ஐயா. சோதனைக் கருவி வேண்டும்."

"அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லையே, அம்மா!"

திரை விழுகிறது. அந்தப் பெண் அடுத்த விமானம் ஏறுகிறாள். நாமோ, "அறிவெல்லாம் அயல்நாடு போகிறதே!" என்று மேடையிலே முழங்குகிறோம்.

அந்தக் கணக்குத் தலைப்பைத்தான் கேட்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர் அயல்நாட்டில் உயர்கல்வி பெற நம் மாநில அரசு உதவுகிறது. 2024-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பியது. போகும் செலவோடு திரும்பும் செலவையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, சிறிய தொகையே போதும். நமக்கு நாமே திட்டத்திலே கண்டதுபோல, ஊரும் தன் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ போடட்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையிலே, வந்த காசும் செலவான காசும் வாய்விட்டுப் படிக்கப்படட்டும். படம் எடுத்துக்கொள்ளவே வருபவர் அந்தச் சபையின் முதல் கேள்விக்கே ஓடிவிடுவார். பணி செய்ய வந்தவர் நிற்பார்.

ஊரின் பங்கு ஏன்? குரியனைப் பாருங்கள். கிண்டியிலே பொறியியல் பயின்று, அரசின் உதவித்தொகையில் மிச்சிகன் சென்று, 1949-இல் ஒப்பந்தக் கடமைக்காக ஆனந்துக்கு வந்தவர் அவர். ஆனால் அவர் வருமுன்பே, 1946-இல், கெய்ரா மாவட்டத்து உழவர் கூட்டுறவு எழுந்து நின்றது. ஊர் எழுந்து நின்றது. வந்தவர் தோள் கொடுத்தார். வெண்மைப் புரட்சி பிறந்தது. ஊர் உறங்கிக் கிடக்க, திரும்பிய ஒருவரே தேரை இழுத்துவிட முடியாது.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கடல் கடந்தவனும் அல்லன். ஆயினும் அரக்கோணம் மேடையிலே பலமுறை வண்டி மாறியவன். வண்டி மாறுகின்றவனுக்கு வேண்டியது வரவேற்பு வளைவு அன்று. அடுத்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் ஒரு பலகை போதும். கற்றுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பலகையை நாமே நட்டு வைப்போம். அயலான் நட்ட பலகையை அயலான் பிடுங்கலாம். நாம் நட்டதைப் பிடுங்க யாரால் முடியும்?