போனார்களா, ஆக்கப்பட்டார்களா? – ஒரு வினைச்சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ‘டிசப்பியர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. பாடசாலையில் ஆங்கிலம் படித்த எவரும் அறிந்த எளிய சொல்தான். மறைதல், கண்ணுக்குத் தெரியாமற்போதல் என்று அகராதிகள் பொருள் தரும். சூரியன் முகிலுக்குப் பின்னால் மறைகிறது. மேசையில் வைத்த பேனாவைக் காணவில்லை. ஒரு பழைய வழக்கம் அருகி மறைந்துபோகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகளைக் கழித்த எனக்கு இந்தச் சொல் எளிய சொல்லாகத் தோன்றுவதில்லை. இதனைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி என்னை இன்றும் விட்டு அகலவில்லை. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

1997ஆம் ஆண்டின் முற்பகுதி. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு தாயார் வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து தலைநகருக்கு வந்து சேர்ந்தவர். அவரது மகனைப் பற்றிய செய்தியைச் சில நாட்களுக்கு முன்னர் நாம் வெளியிட்டிருந்தோம். ‘இளைஞர் காணாமல் போனார்’ என்பது தலைப்பு. அந்தத் தலைப்பை இட்டவன் நான். நறுக்கை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்த அவர், அதை என் முன்னால் விரித்தார்.

“தம்பி, என்ர பிள்ளை காணாமல் போகேல்லை. பட்டப்பகலில வீட்டு வாசல்ல வைச்சுக் கொண்டுபோனவங்கள். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் என்னெண்டு போனான் எண்டு எழுதுவியள்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “வழமையாக அப்படித்தான் எழுதுவோம், அம்மா” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் நறுக்கைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். இலக்கணம் அறிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எழுவாய் எது என்பதை அன்று அந்தத் தாயாரே கற்பித்தார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘டிசப்பியர்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘பாரேரே’ என்ற இலத்தீன் வினைக்குத் தோன்றுதல், புலப்படுதல் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘அப்பியர்’ ஆகியது. அதற்கு முன்னால் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து, 15ஆம் நூற்றாண்டளவில் ‘டிசப்பியர்’ என்ற சொல்லை ஆக்கிக்கொண்டனர். வெளிப்படைத்தன்மை என்பதற்கு ஆட்சியாளர்கள் அடிக்கடி உச்சரிக்கும் ‘டிரான்ஸ்பேரன்சி’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஒரே தாயின் இரு பிள்ளைகள். ஒன்று ஒளிவுமறைவின்மையைக் குறிக்கிறது. மற்றது மறைவைக் குறிக்கிறது.

இந்த வினை பிறந்தது முதல் செயப்படுபொருள் குன்றிய வினையாகவே பெரும்பாலும் வழங்கிவந்தது. அதாவது, முயல் மறையலாம். ஆனால் மந்திரவாதி முயலை ‘டிசப்பியர்’ செய்தான் என்று நேரடியாக எழுத இயலாது. அவன் அதை மறையச் செய்தான் என்று துணைவினை ஒன்றைச் சேர்த்தே எழுதவேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் அப்படித்தான் எமக்குக் கற்பித்தனர்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட ‘கேட்ச்-22’ என்ற போர் நாவலில் இந்த விதி மீறப்படுகிறது. படைவீரன் ஒருவனை மேலதிகாரிகள் ‘டிசப்பியர்’ செய்யப்போகிறார்கள் என்று ஒரு தாதி எச்சரிக்கிறாள். அதைக் கேட்கும் கதாநாயகன், இது சரியான இலக்கணமே அல்லவே என்று திகைக்கிறான். அன்றைய வாசகர்கள் அதை அங்கதமாக எடுத்துக்கொண்டிருப்பர். சில ஆண்டுகளில் அந்தப் பிழையான இலக்கணம் செய்தித்தாள்களின் சரியான இலக்கணமாகிவிட்டது.

அவ்வாறு ஆக்கியது இலத்தீன் அமெரிக்கா. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நிலவியது. வீடுகளிலிருந்தும் வீதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர். கேட்டபோது, அப்படியொருவரை நாம் அறியோம் என்பதே பதிலாக இருந்தது. 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, தலைநகர் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் 14 தாய்மார் கூடினர். பின்னர் தலையில் வெள்ளைத்துணி கட்டியபடி வாரந்தோறும் அச்சதுக்கத்தைச் சுற்றி நடந்தனர். ‘டெசபரெசிடோ’ என்ற ஸ்பானியச் சொல்லை உலகம் அறிந்துகொண்டது. ஆட்சியாளர் ஜெனரல் விடேலா 1979இல் பத்திரிகையாளர் முன்னிலையில், அத்தகையவர் உயிருடனும் இல்லை, இறந்தவரும் இல்லை என்ற கருத்தில் விளக்கம் சொன்னார். பொறுப்பை உதறுவதற்கு இலக்கணம் எத்தனை வசதியானது என்பதற்கு அதனைவிட வேறு சான்று தேவையில்லை. 1984இல் வெளியான உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை சுமார் 9,000 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகளோ 30,000 பேர் என்கின்றன.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. நாசி ஜேர்மனி 1941 டிசம்பரில் பிறப்பித்த ‘இரவும் மூடுபனியும்’ என்ற ஆணை, கைதுசெய்யப்பட்டவர் எங்கே என்பதை உறவினர்க்குத் தெரிவிக்காதிருப்பதையே ஒரு தண்டனை முறையாக்கியது.

ஆக, ‘அவர் மறைந்தார்’ என்பது போதாமற்போய், ‘அவர் மறைக்கப்பட்டார்’ என்று எழுதவேண்டிய நிலை ஆங்கிலத்துக்கு ஏற்பட்டது. இலக்கணம் வளைந்துகொடுத்தது. 2006 டிசம்பர் 20ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சர்வதேச சமவாயத்தின் பெயரில் ‘வலிந்து’ என்ற அடை சேர்ந்தது. ‘வலிந்து காணாமலாக்கப்படுதல்’ என்று நாம் அதைத் தமிழில் எழுதுகிறோம்.

ஆங்கிலத்துக்கு இருந்த இந்த இடர்ப்பாடு தமிழுக்கு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதே எனது கருத்து. தன்வினை, பிறவினை என்ற வேறுபாடு எம்மொழியில் பிறவியிலேயே இருக்கிறது. மறைந்தான், மறைத்தான், ஒளிந்தான், ஒளித்தான். ஓர் ஒற்று மாறும்போது பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. ஆனால் இந்த விடயத்தில் ‘மறை’ என்ற வினை எமக்கு உதவவில்லை. ‘மறைந்தார்’ என்றால் இறந்தார் என்று பொருள்கொள்ளும் மரபு எம்மிடம் உண்டு. தன் பிள்ளை உயிருடன் இருக்கிறான் என்று காத்திருக்கும் தாயிடம் அந்தச் சொல்லை எவரும் கூறமாட்டார்.

எனவே ‘காணாமல் போதல்’ என்பது வழக்கில் நிலைத்தது. இதனைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல் தோன்றாமையைக் கூறுகிறது. தமிழ்ச் சொல் காணாமையைக் கூறுகிறது. காண்பதற்கு ஒருவர் வேண்டும். தேடுபவரின் கண் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இது தமிழின் சிறப்பு. ஆனால் அதனை அடுத்து வரும் ‘போ’ என்ற துணைவினை செய்யும் வேலை வேறு. கண்ணாடி உடைந்துபோயிற்று, பால் திரிந்துபோயிற்று, சாவி தொலைந்துபோயிற்று என்கிறோம். உடைத்தவர் யார், தொலைத்தவர் யார் என்று கேட்க வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். வீட்டில் கோப்பையை உடைத்த சிறுவனுக்குக்கூட இந்த இலக்கணம் தெரியும்.

ஊடகங்களில் நாம் அந்தச் சிறுவனின் இலக்கணத்தைத்தான் நெடுங்காலம் பின்பற்றினோம். அதற்கு நியாயங்கள் இருந்தன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அவசரகாலச் சட்டங்களும் செய்தித் தணிக்கையும் நிலவிய நாட்கள் அவை. எழுவாயை எழுதினால் நிருபரின் உயிருக்கு ஆபத்து. எழுதாமல் விட்டால் செய்தியாவது வெளிவரும். ‘காணாமல் போனார்’ என்பது எமக்குக் கிடைத்த பாதுகாப்பான சொல். எமது சகபாடிகளுக்கு அந்தச் சொல்லும் பாதுகாப்பளிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சுப்பிரமணியம் இராமச்சந்திரன் 2007 பெப்ரவரியிலும், கொழும்பில் கேலிச்சித்திரக் கலைஞரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதியும் அதே சொல்லால் செய்தியாயினர்.

இது தமிழருக்கு மட்டும் உரிய துயர் அன்று. 1987 முதல் 1990 வரையான காலத்தில் தென்னிலங்கையின் சிங்களக் கிராமங்களும் இதனை அனுபவித்தன. யாழ்ப்பாணத்தில் 1984இல் அன்னையர் முன்னணி தோன்றியதுபோல, 1990இல் தெற்கிலும் அதே பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. அவ்வாண்டில் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஆவணங்களுடன் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து, விமான நிலையத்தில் அவை கைப்பற்றப்பட்டன. அவர் பெயர் மகிந்த ராஜபக்ஷ. பின்னாளில் அவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததை வாசகர்கள் அறிவர். எழுவாயாக இருந்தது அரசு மட்டுமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கங்களும் ஆட்களைக் கொண்டுசென்றன. அவர்களிலும் பலர் திரும்பி வரவில்லை. கொண்டுசென்றவர் யார் என்பதைப் பொறுத்து வினைச்சொல்லை மாற்றுவது பத்திரிகைத் தருமமாகாது.

இலங்கை மேற்படி சமவாயத்தில் 2015 டிசம்பரில் கையொப்பமிட்டு, 2016 மே மாதம் அதனை ஏற்புறுதி செய்தது. அதே 2016இல் ஓர் அலுவலகத்தை அமைப்பதற்கான சட்டமும் நிறைவேற்றப்பட்டது. அதன் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமோ வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கியது. ஆக, ஒரே அரசின் ஒரு சட்டத்தில் ஆட்கள் தாமாகப் ‘போகிறார்கள்’. இன்னொரு சட்டத்தில் அவர்கள் ‘ஆக்கப்படுகிறார்கள்’. பலவகையில் தொலைந்தோரையும் உள்ளடக்குவதற்குப் பரந்த சொல் தேவைப்பட்டது என்று சட்ட அறிஞர்கள் வாதிடலாம். போர்க்களத்தில் தகவலற்றுப்போன படைவீரரும் அதற்குள் அடங்குவர் என்பது உண்மையே. ஆயினும் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், தமது சங்கத்தின் பெயரில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே எழுதினர். நாடாளுமன்றத்தின் வரைஞர்கள் தவறவிட்ட வினையை அவர்கள் கைவிடவில்லை.

‘ஆக்கப்பட்டோர்’ என்று எழுதிவிட்டால் எமது கடமை முடிந்துவிடுமா? அதுவும் முழுமையான விடை அன்று. செயப்பாட்டுவினையிலும் செய்தவர் ஒளிந்துகொள்ள இடமுண்டு. ஆக்கப்பட்டார் என்றால் யாரால் என்ற கேள்வி எஞ்சுகிறது. ‘போனார்’ என்பதைவிட அது மேலானது. ஏனெனில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காவது அது இடம் வைக்கிறது.

காலத்தையும் கவனிக்கவேண்டும். சமவாயத்தின் வரைவிலக்கணப்படி இக்குற்றத்துக்கு இரண்டு பகுதிகள் உள்ளன. ஆளைப் பிடிப்பது ஒன்று; பிடித்ததை மறுப்பது, அல்லது அவர் கதியை மறைப்பது மற்றொன்று. முதலாவது ஒருநாளில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது முடிவதில்லை. ஆதலால் உண்மை வெளிவரும்வரை தொடரும் குற்றமாகச் சட்டவியலாளர் இதனைக் கொள்கின்றனர். ‘காணாமல் போனார்’ என்ற இறந்தகாலம் இங்கே பொருந்தாது. மறைத்தல் இன்று காலையும் நடந்துகொண்டிருக்கிறது.

எனவே இன்று பேனா பிடிக்கும் இளையவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒருவர் எங்கே என்று மட்டுமே தெரியவில்லையாயின், ‘காணவில்லை’ என்று எழுதுங்கள். கொண்டுசெல்லப்பட்டதற்குச் சான்று இருக்குமாயின், ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்று எழுதுங்கள். கொண்டுசென்றவரைக் கண்ட சாட்சி பெயருடன் பேச முன்வந்தால், அந்தச் சாட்சி சொன்னபடி எழுவாயுடன் செய்வினையில் எழுதுங்கள். மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிடாதீர்கள். வழமை என்பது விளக்கமாகாது. அதை ஒரு தாயாரிடம் சொல்லிப் பார்த்தவன் நான்.

அந்த வீதியோரத்தில் அமர்ந்த பெற்றோரில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டனர். என்னிடம் வந்த தாயார் இப்போது உயிருடன் இருக்கிறாரா என்பதை நான் அறியேன். அவரது நறுக்கில் இருந்த தலைப்பு திருத்தப்படாமலே இருக்கிறது. பத்திரிகைகளில் பிழைதிருத்தம் வெளியிடுவதற்குக் காலவரையறை எதுவும் இல்லை. எனவே, மிகவும் பிந்தி இங்கே அதை வெளியிடுகிறேன்:

அம்மா, உங்கள் மகன் காணாமல் போகவில்லை. அவரைக் கொண்டுபோனார்கள்.