நாற்பது இலக்கங்கள் போதுமா?

எண்ணுவதைக் கணக்குப்பிள்ளையின் வேலையென்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் இலக்கிய வாசகர்களிடையே உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே நினைத்திருந்தோம். அந்நினைப்பைக் கலைத்தது ஒரு சின்னக் கணக்கு.

கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 எழுதவேண்டும். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ இரண்டு 1கள் அடுத்தடுத்து வரலாகாது. எத்தனை விதமாக நிரப்பலாம்?

ஒரே வரிசையென்றால் எளிது. ஒரு கட்டத்துக்கு 2, இரண்டுக்கு 3, பிறகு 5, 8, 13. ஃபிபனாச்சி 1202இல் நூலெழுதுவதற்கு முன்பே இவ்வெண்களை விரகாங்கரும் ஹேமசந்திரரும் கண்டிருந்தார்கள். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு எனக் கொண்டு யாப்பை எண்ணப்போய்க் கிடைத்தவை அவை. ஆக, இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதும் அல்ல.

சதுரமாக்கினால் கதை மாறுகிறது. இரண்டுக்கு இரண்டில் 7. மூன்றுக்கு மூன்றில் 63. நான்குக்கு நான்கில் 1234. ஐந்துக்கு ஐந்தில் 55447. தாள் மிகப் பெரிதாகும்போது, கூடும் ஒவ்வொரு கட்டமும் எண்ணிக்கையைச் சுமார் 1.50304808 மடங்காக்குகிறது. இவ்வெண்ணை நாற்பது தசம இலக்கங்களுக்கு மேலும் கணித்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தரும் சூத்திரம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாற்பது இலக்கம் போதாதா, அதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பவர்களோடு நாம் உடன்படவில்லை. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இதே கட்டங்களில், மூலைவிட்டத் திசைகளுள் ஒன்றிலும் 1கள் அடுத்தடுத்து வரலாகாது என்று விதியை இறுக்குங்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்டை வீடுகள் ஆறு. இயற்பியலாளர்கள் அறுகோண மாதிரி என்று அழைக்கும் இதற்கு ஆஸ்திரேலியாவின் ரோட்னி பாக்ஸ்டர் 1980இல் துல்லியமான தீர்வு கண்டார். விதி கூடியபின் விடை வசப்பட்டது! (வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.)

அத்தீர்வுக்குள் வந்து நின்றவை ரோஜர்ஸ்-ராமானுஜன் முற்றொருமைகள். 1894இல் ரோஜர்ஸ் கண்டு, எவரும் கவனியாமல் விட்டு, பின்னர் ராமானுஜன் தாமாகவே மீண்டும் கண்டடைந்தவை. ஒரு தளத்தில் துகள்கள் எப்படி அமரும் என்ற கேள்விக்கும் அவற்றுக்கும் உறவிருக்குமென்று அவ்விருவரும் எண்ணியிருக்க வழியில்லை. தசம இலக்கங்களை எத்தனை நீட்டியிருந்தாலும் அந்த உறவு அவற்றில் தென்பட்டிராது.

சதுரக் கட்டத்துக்குள் அதுபோல் ஏதேனும் உறைந்திருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? கையிலிருக்கும் நாற்பது இலக்கங்களில் அதற்குப் பதிலில்லை.