பெட்டியா? வில்லையா?

இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் கமராவைப் பற்றி எழுதப் புகுந்தமை வாசகருட் சிலருக்கு வியப்பைத் தரலாம். இஃது அறிவு காட்டுதற்கு எழுதப்படுவதன்று. என் சொல்லைக் கேட்டு ஒரு மாணாக்கன் இழக்கக் கூடாததை இழந்தான். அதற்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றேன்.

அவன் மட்டக்களப்புப் படுவான்கரையைச் சேர்ந்தவன். அவனுடைய ஊரிற் கூத்துப் பழக்கிய முதிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். இறுதியாக ஒரு வடமோடிக் கூத்தைத் தாமே ஆடி அரங்கேற்ற அவர் எண்ணியிருந்தார். அதனைப் படம் பிடித்து வைத்தல் வேண்டும் என்பது மாணாக்கனின் வேட்கை. வில்லைகளை மாற்றிப் பூட்டத்தக்க கமரா ஒன்றை வாங்குதற்குத் தாயார் தம் காப்புகளை அடைவு வைத்தார். “ஐயா, எதை வாங்கலாம்?” என்று அவன் என்னிடம் வந்தான்.

எனக்குப் படம் பிடிப்பதிற் சிறிது பழக்கம் உண்டு. அந்தச் சிறிதே கேடாயிற்று. “இப்பணத்துக்குக் கிடைப்பவற்றுள் விலையுயர்ந்த பெட்டியை வாங்கு; வில்லையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். பணம் முழுவதும் பெட்டிக்கே போயிற்று. பெட்டியோடு சேர்த்துத் தரப்படும் 18–55 மில்லிமீற்றர் வில்லை ஒன்றே அவனுக்குத் துணையாயிற்று.

இரவு வட்டக்களரியிற் கூத்து நடந்தது. அண்ணாவியாரை அண்மையிற் காட்டுதற்கு அவன் வில்லையை 55 வரை நீட்டினான். அந்நிலையில் அதன் துவாரம் எஃப் 5.6 என்னும் அளவுக்கு மேல் விரியாது. இவ்வெண் குறையக் குறையத் துவாரம் பெருகும் என்பதை அறியாதார் அறிந்துகொள்க. ஒளி போதாமையால், மூடி ஒரு செக்கனின் 15 இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டியதாயிற்று. ஆடுபவர் அதுவரை அசையாது நிற்பாரா? கால்கள் புகையாயின; முகம் இரண்டாயிற்று. அடுத்த கூத்துக் காலம் வருமுன் அண்ணாவியார் காலமானார்.

துவாரம் எஃப் 1.8 வரை விரியும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று இருந்திருப்பின், அஃது ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விட்டிருக்கும். மூடி 125 இல் ஒரு பங்கு நேரத்திலேயே மூடிக்கொண்டிருக்கும். கனோன் நிறுவனத்தின் அத்தகைய வில்லை, அந்நிறுவன வில்லைகளுள் மலிவான சிலவற்றுள் ஒன்று. நடுத்தரமான பெட்டியொன்றையும் அவ்வில்லையையும் அதே பணத்துக்கு அவன் வாங்கியிருக்கலாம்.

“உயர்ந்த பெட்டி மங்கிய ஒளியிலும் தெளிவு தருமே” என்பார் உளர். உண்மை. ஆயினும், 36 × 24 மில்லிமீற்றர் அளவான பெரிய உணரி, தொடக்கநிலைக் கமராக்களில் உள்ள சிறிய உணரியிலும் இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட பரப்பே உடையது. பத்து மடங்குக் குறையை அது நிரப்பாது. புள்ளிக் கணக்கைக் காட்டி மயக்குவாரும் உளர். ஏ4 தாளிற் செம்மையாக அச்சிடுதற்கு 90 இலட்சம் புள்ளிகள் போதும். இன்று எளிய கமராக்களே 2 கோடிக்கு மேல் தருகின்றன.

இனி, நிலைமொழியும் வருமொழியும் புணர்தற்கு விதி உண்டு. பெட்டியும் வில்லையும் புணரும் விதி, வில்லையைப் பூட்டும் வாயில் உள்ளது. நிக்கோன் 1959 இல் அமைத்த வாயைப் பல்லாண்டு பேணிற்று. கனோன் 1987 இல் தன் பழைய வாயைக் கைவிட்டுப் புதியதை அமைத்தது. 2018 இல் இரு நிறுவனங்களும் ஆடியில்லாக் கமராக்களுக்கென வேறு வாய்களை அமைத்தன. இந்தப் புதிய பெட்டிகளில் ஆடியுள்ள கமராக்களின் வில்லைகளை இடைவளையம் கொண்டு பூட்டலாம். புதிய வில்லைகளைப் பழைய பெட்டிகளிற் பூட்டல் இயலாது. நிக்கோன் டி3000, டி5000 வரிசைப் பெட்டிகளில் மோட்டர் இல்லை. ஆதலால், தமக்கென மோட்டர் இல்லாத பழைய வில்லைகள் அவற்றிற் பூட்டிக்கொள்ளும், தாமாகக் குவியமாட்டா. புணர்ச்சி உண்டு, பயன் குறைவு. பெட்டி சில ஆண்டுகளில் மாறும். நல்ல வில்லை நெடுநாள் உடன் வரும். ஆதலின் பெட்டியைத் தெரிபவன் உண்மையில் வாயையே தெரிகின்றான்.

பழையதை வாங்குவதில் இழுக்கில்லை. வில்லையினூடே விளக்கொளியைப் பாய்ச்சிப் பூஞ்சணம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். நமது ஈரக்காற்றில் தோற்பையுள் அடைத்து வைத்த வில்லைக்கு அதுவே பகை.

இவையெல்லாம் பின்னர் நான் கற்றவை. கல்லாமை என் பிழையன்று, கேளாமையே பிழை. “எதைப் படம் பிடிக்கப் போகிறாய்?” என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின், “இரவிற் கூத்து, ஐயா” என்று சொல்லியிருப்பான். அவ்விரு சொற்களில் விடை முழுவதும் இருந்தது. பறவையை நாடுவானுக்கு நீண்ட வில்லை வேண்டும். கோபுரத்தை நாடுவானுக்கு அகன்றது வேண்டும். இரவாட்டத்தை நாடுவானுக்கு ஒளி விடுவது வேண்டும். நோக்கம் முதலாவது, வில்லை இரண்டாவது, பெட்டி மூன்றாவது. நான் இம்முறையைத் தலைகீழாக்கினேன்.

காப்புகளை அவன் உழைத்து மீட்டுவிட்டான். அண்ணாவியாரின் ஆட்டத்தை மீட்க வழியில்லை. ஆசிரிய அன்பர்களே, மாணாக்கர் வந்து எதை வாங்கலாம் என்று கேட்டால், விடை சொல்ல விரையாதீர்கள். எதற்கு என்று முதலிற் கேளுங்கள்.