இணைப்பும் தலைவர்தம் நோக்கமும்

தாராசுரத்தின் மருங்கே ஓடும் அரசலாறு கிழக்கே சென்று காரைக்காலில் கடலோடு கலக்கின்றது. வழிநெடுக ஒரே மொழி. ஒரே நெல் வயல். ஆயினும் காரைக்கால் 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. இடையிற் சிலகாலம் ஆங்கிலேயர் கைப்பற்றியது நீங்கலாக, 1954 வரையில் அது அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது. 1949-ல் இருநாட்டுச் சுங்க உடன்பாடு முடிவுற்றபின், ஆற்றுநீர்க்கு இல்லாத தடை ஆளுக்கும் பொருளுக்கும் மிகுந்தது. அப்பிரிவு நீங்கியது நன்றே; அதனை மறுப்பார் நம்மிடையே இலர். ஆனால், செயல் நன்றாயின் அதனைச் செய்தார் நோக்கமும் நன்றேயாகும் என்று கொள்ளலாமோ? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

புதுச்சேரியில் எதுவார் குபேர் என்பார் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சியின் பெருந்தலைவராய் விளங்கினார். பல்லாண்டு பிரான்சின் பக்கமே நின்று, 1951-ல் பாரிஸ் சட்டசபைக்கும் அங்கத்தினரானார். அவரே 1954 மார்ச்சு மாதத்தில் இணைப்பின் பக்கம் திரும்பி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு ஒன்றை நிறுவினார். நாட்டுப்பற்றே அவரை மாற்றிற்று என்பர் சிலர். தம்மேல் வரவிருந்த வழக்குகளுக்கு அஞ்சினார் என்பர் வேறு சிலர். காற்று வீசும் திசையறிந்தார் என்பாரும் உளர். 1963-ல் அவர் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். ஒருவர் உள்ளத்தைத் திறந்து காட்டும் கண்ணாடி நம்மிடம் இல்லை. ஆயினும், ஒருவர் தம் கொள்கையை மாற்றியபோது இழந்தது யாது, பெற்றது யாது என்று வினவுதல் அவதூறாகாது. அது குடிமக்களின் கடமையாகும்.

நிற்க, 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்களித்தோர் மக்களல்லர், பிரதிநிதி சபையினரும் நகரசபையினருமாகிய 178 பேரேயாவர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் மறுத்தனர். ஆதரித்தோருட் பலர் சின்னாள் முன்பு வரையில் பிரான்சை வாழ்த்திய கட்சியினரே. ஆகவே அவ்வாக்கு தலைவர்கள் திரும்பியதைக் காட்டியதேயன்றி, மக்கள் உள்ளத்தை அளந்ததன்று. 1949-ல் சந்திரநாகூர் மக்களோ நேரே வாக்களித்தனர்: இணைப்புக்கு 7,473, எதிராக 114. அவ்வுரிமை காரைக்கால் உழவர்க்கும் புதுச்சேரி நெசவாளர்க்கும் வாய்க்கவில்லை.

புதுச்சேரித் தேர்தல்கள் வன்முறையும் கள்ளவாக்கும் நிறைந்தவை. அங்கே நேரிய வாக்கெடுப்பு எங்ஙனம் நடைபெறும் என்று கேட்கலாம். கேள்வி நேரியதே. 1951-ல் வந்த நடுநிலைப் பார்வையாளரும் அதற்கேற்ற நிலைமை இல்லையென்றே கருதினர். ஆனால் அந்நிலைமையை உண்டாக்கியவர் யார்? தேர்தலைக் கெடுத்தவர்களே, தேர்தல் கெட்டது என்ற காரணத்தால், மக்களுக்காக வாக்களிக்கும் பேற்றைப் பெற்றனர். இதனினும் பெரிய விந்தை வேறென்ன?

இணைப்பு 1954 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி முற்றுப்பெற்றது. மக்கள் விருப்பமும் பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும் என்பது என் துணிபு. அங்ஙனமாயின் குறை இன்னும் பெரிது. கேட்டிருந்தால் மகிழ்ந்து தந்திருப்பாரை ஒருவரும் கேட்கவில்லை. மக்களுக்குரிய பெருமை தலைவர்களின் மாலையாயிற்று.

மாணவ அன்பர்களே, வரலாற்றைப் பயிலுங்கால் வெற்றியின் ஆரவாரத்தில் மயங்காதீர். நற்செயலை ஏற்றுக்கொள்ளுங்கள், செய்தார் நோக்கத்தை அஞ்சாது வினவுங்கள். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. அரசலாறு எவர் அனுமதியும் பெறாமலே இரு நிலங்களையும் இணைத்திருந்தது. அந்நிலத்து மாந்தரின் அனுமதியையேனும் தலைவர்கள் கேட்டிருக்க வேண்டாவோ?